பஸ் லேன் தண்டம் வந்துவிட்டதா? லண்டனில் கார் ஓட்டும் எம்மவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது யாராவது ஒருவர் மடித்த கடிதம் ஒன்றை நீட்டி, "இதை ஒருக்கா பாருங்கோ" என்பார். திறந்து பார்த்தால் பஸ் லேன் தண்டம். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் பல வருடங்களாக இந்தக் கடிதங்களை வாசித்து, பதில் எழுத உதவி வருகிறேன். கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சொல்வதெல்லாம் லண்டன் நடைமுறை. மற்ற ஊர்களில் மாறும் விஷயங்களுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

இது பொலிஸ் வழக்கா? லைசென்ஸில் புள்ளி விழுமா?

இல்லை. பயப்படாதீர்கள். இது பிசிஎன் எனப்படும் சிவில் தண்டம். அந்தத் தெரு இருக்கும் பகுதியின் கவுன்சிலோ, சிவப்புக் கோடு போட்ட பெருந்தெருவாக இருந்தால் டிரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டனோ (இனி டிஎஃப்எல்) அனுப்பியிருக்கும். கமராவில் உங்கள் கார் பஸ் லேனுக்குள் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். புள்ளி கிடையாது, குற்றப் பதிவு கிடையாது.

ஆனால் கடிதத்தின் தலைப்பை ஒருமுறை பாருங்கள். சூப்பர்மார்க்கெட் கார் பார்க்குகளை நடத்தும் தனியார் கம்பெனிகளும் தங்கள் கடிதத்தைப் பிசிஎன் என்றே சுருக்குகின்றன. அது வேறு சட்டம், வேறு வழி. இங்கே எழுதியிருப்பது அதற்குப் பொருந்தாது.

எவ்வளவு கட்ட வேண்டும்?

லண்டனில் 160 பவுண். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி, அதாவது 80. டிஎஃப்எல் 2022 ஜனவரியிலேயே 130இலிருந்து 160 ஆக்கிவிட்டது. கவுன்சில்கள் 2025 ஏப்ரலில் அதே தொகைக்கு வந்தன. ஒன்றும் செய்யாமல் விட்டால் 50 சதவீதம் கூடி 240 ஆகும்.

இப்போதைக்கு 80ஐக் கட்டிவிட்டு, பிறகு வாதாடலாமா?

முடியாது. கட்டிய உடனே வழக்கு மூடப்பட்டுவிடும். "காசு போனாலும் பரவாயில்லை, நியாயத்தைச் சொல்லுவம்" என்று கட்டிவிட்டு வந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. கட்டுவதா, எதிர்ப்பதா என்று முதலில் முடிவெடுங்கள்.

அதே நேரம், எதிர்த்தால் பாதி விலை உடனே போய்விடும் என்றும் பயப்பட வேண்டாம். முதல் 14 நாட்களுக்குள் எழுதினால், மறுக்கும்போது அந்த 80 பவுண் சலுகையைப் பல கவுன்சில்கள் மீண்டும் தருகின்றன. அது அவர்களின் பழக்கம், சட்டப்படி உங்களுக்குள்ள உரிமை இல்லை. ஆகவே கடிதத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்.

சரி, முதலில் என்ன செய்ய வேண்டும்?

வீடியோவைப் பாருங்கள். கடிதத்தில் அச்சடித்திருக்கும் இரண்டு படங்களை மட்டும் பார்த்துவிட்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது. பிசிஎன் இலக்கத்தையும் கார் இலக்கத்தையும் அவர்களின் இணையத்தளத்தில் போட்டால் படங்களும், பெரும்பாலும் முழு வீடியோவும் வரும். இணையத்தில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவர் எழுதி வைத்திருந்த பதில் ஒன்றரைப் பக்கம். கணவரின் சத்திரசிகிச்சை, பிள்ளையின் பரீட்சை, வேலையில் குறைத்த மணித்தியாலங்கள், எல்லாம் உண்மை. வாசிக்க எனக்கே கஷ்டமாக இருந்தது. "வீடியோ பார்த்தீங்களா அக்கா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. அவரின் சமையலறை மேசையில் என் ஃபோனை வைத்து இருவரும் பார்த்தோம். மொத்தம் பதினாறு செக்கன். அவரின் காருக்கு முன்னால் ஒரு வெள்ளை வான், இரண்டு பக்க லைட்டும் விட்டு விட்டு எரிய, நடுத்தெருவில் நிற்கிறது. அவர் இடது இன்டிகேட்டரைப் போட்டு, பஸ் லேனுக்குள் போய், வானைத் தாண்டி, உடனே வெளியே வருகிறார். அவர் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் அந்த வானைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்கு அது மறந்தே போயிருந்தது. மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்தை வைத்து நினைவுபடுத்தப் பார்த்தால் யாருக்குத்தான் ஞாபகம் வரும்? பழைய பதிலைத் தூக்கி வைத்துவிட்டு ஐந்து வரி எழுதினோம். எத்தனையாவது செக்கனில் வான் தெரிகிறது, எத்தனையாவது செக்கனில் கார் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். கவுன்சில் தண்டத்தை ரத்துச் செய்தது.

வீடியோவில் கவனிக்க வேண்டியவை: தடித்த வெள்ளைக் கோட்டுக்குள் சக்கரம் உண்மையாகவே போனதா, எவ்வளவு தூரம் போனது, ஏன் போனது, பக்கத்து லேன் எப்படி இருந்தது, பலகை எங்காவது தெரிகிறதா, தெரிந்தால் அதிலுள்ள நேரம் என்ன.

பலகையில் என்ன பார்க்க வேண்டும்?

நேரம். பஸ் லேன் எல்லாமே நாள் முழுக்க ஓடுவதில்லை. நீலப் பலகையில் திங்கள் முதல் சனி வரை, காலை 7 முதல் 10, மாலை 4 முதல் 7 என்று போட்டிருந்தால் அந்த நேரத்துக்கு வெளியே நீங்களும் ஓடலாம். நேரமே போடாவிட்டால் 24 மணித்தியாலமும் பஸ் லேன்தான். கடிதத்திலுள்ள நேரத்தையும் பலகையிலுள்ள நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது தொடக்கப் பள்ளிக் கணக்குப் போல இருந்தாலும், இதைச் செய்யாமலே காசு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இருபது, முப்பது வருடமாக லண்டனில் ஓடுபவர்கள் மாட்டுவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. சிவப்புத் தெருக்களில் பல பஸ் லேன்களை டிஎஃப்எல் 2020இல் 24 மணித்தியாலமாக மாற்றிப் பரீட்சித்துப் பார்த்தது. 2021 டிசம்பரில் அதை நிரந்தரமாக்கியது. "நான் இந்த றோட்டில ஏழு மணிக்குப் பிறகு எப்பவும் அந்த லேனாலதானே போறனான்" என்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் பலகை மாறிவிட்டது, அவர்களின் பழக்கம் மாறவில்லை. இது வெல்லக்கூடிய வாதம் இல்லை.

வெல்லக்கூடியது வேறு: பலகை மரக்கிளையால் மூடியிருந்தது, திரும்பி நின்றது, விழுந்து கிடந்தது, தெருவில் போட்ட எழுத்தும் கோடும் தேய்ந்து காணாமல் போயிருந்தது, நீங்கள் வந்த பக்கத் தெருவிலிருந்து ஒரு பலகையும் தெரியாது. இப்படி இருந்தால் அன்றைக்கே போய்ப் படம் எடுங்கள். ஜூன் மாதம் மறைத்த இலையை ஒக்டோபரில் காட்ட முடியாது. கவுன்சிலும் வந்து வெட்டிவிடும். நீங்கள் ஓட்டி வந்த திசையிலிருந்து, ஓட்டுநரின் கண் உயரத்தில் எடுங்கள். கூகுள் தெருப் படத்தையும் சேர்க்கலாம், ஆனால் அது எந்த வருடம் எடுத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய படத்தை அனுப்பினால் முழுக் கடிதத்தின் நம்பிக்கையும் போய்விடும்.

"பலகை இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம்" என்பது போதாது. ஒக்ஸ்ஃபோர்ட் நகரின் பஸ் தெருவைப் பற்றிய வழக்கு ஒன்று 2010இல் உயர் நீதிமன்றம் வரை போனது. சட்டம் சொன்ன பலகையை ஒழுங்காக வைத்திருந்தால், அது போதாது என்று சொல்வதற்கு வலுவான காரணம் வேண்டும் என்பதே அங்கிருந்து கிடைத்த பாடம். ஆகவே என்ன குறை என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

எந்தக் காரணங்களைக் கேட்பார்கள்?

கடிதத்தின் பின்பக்கத்தில் காரணங்கள் அச்சிட்டிருக்கும். அதிகம் பயன்படுவது "அந்த மீறல் நடக்கவே இல்லை" என்பது. நேரம் தவறு, பலகை தவறு, உங்கள் வாகனத்துக்கு அந்த லேனில் அனுமதி உண்டு என்பதெல்லாம் இதற்குள் அடங்கும். கார் அப்போது என்னுடையது அல்ல, களவு போயிருந்தது, தொகை தவறு என்பன மற்றவை.

இடது பக்கத் தெருவுக்கோ வீட்டு வாசலுக்கோ திரும்புவதற்காகக் கடைசிக் கொஞ்சத் தூரம் குறுக்கே போனது, பழுதாகி நின்ற வாகனத்தைச் சுற்றிப் போனது, பொலிஸ்காரர் கையைக் காட்டி விட்டது ஆகியவற்றையும் நியாயமாகக் கேட்பார்கள். சில செக்கன் மட்டும் கோட்டுக்குள் போய், எந்த பஸ்ஸையும் தடுக்காமல், எந்த லாபமும் எடுக்காமல் வெளியே வந்திருந்தால், இவ்வளவு சின்ன விஷயத்துக்குத் தண்டம் வேண்டாம் என்று தீர்ப்பாய நடுவர்கள் விட்டதுண்டு. அதற்கு இத்தனை மீற்றர் என்று சட்டத்தில் ஒரு கணக்கு இல்லை. யாராவது "20 மீற்றர் வரைக்கும் ஓகே" என்று சொன்னால் அதை நம்பி ஓடாதீர்கள்.

எது எடுபடாது?

வழி தெரியவில்லை. சாட்நாவ் சொன்னது. ட்ராஃபிக் அதிகம். எனக்கு முன்னால் போன காரும் போனது. பஸ் ஒன்றும் வரவில்லை. என்னுடையது எலெக்ட்ரிக் கார். நீல பேட்ஜ் வைத்திருக்கிறேன்.

கடைசி இரண்டையும் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். நீல பேட்ஜ் மாற்றுத்திறனாளிகள் காரை நிறுத்துவதற்கான சலுகை. பஸ் லேனில் ஓட அது இடம் தராது.

குடும்பக் கஷ்டம், நோய், மரணம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவுன்சிலுக்கு இரக்கம் காட்டும் அதிகாரம் உண்டு, சில வேளை காட்டுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கடிதம் போன்ற ஆதாரம் இருந்தால் இணையுங்கள். ஆனால் அடுத்த கட்டமான தீர்ப்பாயம் சட்டத்தைத்தான் பார்க்கும். ஆகவே கஷ்டம் கடிதத்தின் கடைசிப் பந்தியில் வரட்டும், வீடியோவில் தெரிவது முதல் பந்தியில் வரட்டும்.

அம்புலன்ஸுக்கு வழி விட்டுத்தான் உள்ளே போனேன். அதற்கும் தண்டமா?

வீடியோவில் அம்புலன்ஸ் தெரிந்தால் பெரும்பாலும் ரத்தாகும். கமரா காரை மட்டும் பிடித்து, அம்புலன்ஸ் வருவதற்கு முன்போ பின்போ நின்றுவிடுவதும் உண்டு. அப்போது முழு வீடியோவையும் கேளுங்கள். டாஷ்கேம் இருந்தால் அன்றிரவே அந்தத் துண்டைச் சேமியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சில நாள் ஓட்டத்தில் அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும்.

மினிகாப், டெலிவரி, மினிபஸ் ஓட்டுகிறேன். எனக்கு அனுமதி இல்லையா?

கறுப்பு டாக்சிக்கு பெரும்பாலான பஸ் லேனில் அனுமதி உண்டு. மினிகாப்புக்கும் ஊபருக்கும் இல்லை. இந்த வேறுபாட்டை எதிர்த்து நடந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. கறுப்பு டாக்சிகளை மட்டும் விடுவது சட்டத்துக்கு முரண் இல்லை என்ற பக்கமே 2015இல் அங்கே முடிவு வந்தது.

ஆனால் டிஎஃப்எல் தெருக்களில் பயணியை ஏற்றவும் இறக்கவும் மினிகாப் பஸ் லேனுக்குள் வரலாம், அந்த இடத்தில் நிறுத்துவதற்குத் தடை இல்லையென்றால். இதில்தான் எங்கள் பெடியள் அநியாயமாகக் காசு கட்டுகிறார்கள். ஆப்பில் அந்தப் பயணத்தின் நேரமும் இடமும் இருக்கும். அதை எடுத்து அனுப்புங்கள். அதேபோல, தடை இல்லாத இடத்தில் சாமான் ஏற்றி இறக்கப் பஸ் லேனுக்குள் போய் நிற்கலாம் என்று நெடுஞ்சாலைக் கையேட்டின் 141ஆம் விதி சொல்கிறது. டெலிவரிச் சீட்டை வைத்திருங்கள்.

மோட்டார் சைக்கிள்களுக்கு டிஎஃப்எல் தெருக்களின் பெரும்பாலான பஸ் லேன்கள் திறந்திருக்கின்றன. கவுன்சில் தெருக்களில் இடத்துக்கு இடம் மாறும். பலகையில் மோட்டார் சைக்கிள் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோயிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ மினிபஸ் ஓட்டுபவர்களுக்கு ஒரு சொல்: ஓட்டுநர் தவிர 8 பேருக்கு மேல் ஏற்றும்படி செய்த வாகனம் சட்டப்படி பஸ்தான். பலகையில் "லோக்கல்" என்ற சொல் பஸ் படத்தோடு இருந்தால் மட்டும் அது உங்களுக்கு இல்லை.

கார் என் பெயரில். ஓட்டியது மகன். யார் கட்டுவது?

நீங்கள். பஸ் லேன் தண்டம் காரின் சொந்தக்காரருக்குத்தான் வரும், வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயில் பதிவானவரையே சொந்தக்காரர் என்று எடுத்துக்கொள்வார்கள். மகனிடம் வாங்குவது வீட்டு விஷயம்.

காரை விற்ற பிறகு வந்திருந்தால், விற்ற திகதி, வாங்கியவரின் பெயர், முகவரி, டிவிஎல்ஏ அனுப்பிய உறுதிக் கடிதம் ஆகியவற்றை அனுப்புங்கள். லீஸ் கார் என்றால் முதலில் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து உங்களுக்குப் புதுக் கடிதம் வரும். சில கம்பெனிகள் தாங்களே கட்டிவிட்டு உங்கள் கார்டில் எடுத்துவிடுகின்றன. ஒப்பந்தத்தைப் பார்த்து, "எனக்கு மாற்றுங்கள், கட்டாதீர்கள்" என்று முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது.

எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும்?

28 நாள். கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து என்று நினைக்காமல், அதன் மேலுள்ள திகதியிலிருந்தே எண்ணினால் பாதுகாப்பு. இணையத்தில் எழுதினால் வரும் உறுதிப்பக்கத்தைப் படம் எடுங்கள். தபாலில் என்றால் தபாற்கந்தோரில் அனுப்பியதற்கான சீட்டு வாங்குங்கள், அது இலவசம்.

அவர்களுக்கும் காலக்கெடு உண்டு. பொதுவாக, சம்பவம் நடந்து 28 நாட்களுக்குள் பிசிஎன் வர வேண்டும். டிவிஎல்ஏ தாமதித்தாலோ, லீஸ் கம்பெனியிலிருந்து மாறி வந்தாலோ விதிவிலக்கு உண்டு. இரண்டு திகதிகளையும் கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கவுன்சில் மறுத்துவிட்டது. இனி?

இங்கேதான் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் இடமும் இதுதான். உங்கள் கடிதத்தை வாசித்து மறுத்தவர்கள் தண்டம் போட்ட அதே கவுன்சில்காரர்கள். வெளியாள் ஒருவர் இன்னும் பார்க்கவில்லை. அந்த வெளியாள்தான் லண்டன் ட்ரிபியூனல்ஸ் என்ற தீர்ப்பாயத்தின் நடுவர். மறுப்புக் கடிதத்துடன் முறையீட்டுப் படிவமோ அதற்கான குறியீடோ வரும். 28 நாள் அவகாசம். ஒரு சதமும் கட்டணம் இல்லை. தோற்றாலும், வேண்டுமென்றே அநியாயமாக நடந்துகொள்ளாவிட்டால் கவுன்சிலின் செலவு உங்கள் தலையில் விழாது. ஆனால் பாதி விலைச் சலுகை அதோடு முடிந்தது. தோற்றால் 160 கட்ட வேண்டும். இந்த 80 பவுண் வித்தியாசத்தையும் உங்கள் ஆதாரத்தின் பலத்தையும் எடை போட்டு முடிவெடுங்கள்.

ஆவணங்களை வைத்தே முடிவு செய்யச் சொல்லலாம், அல்லது நடுவரிடம் நேராகப் பேசலாம். உண்மையாகவே நடந்ததைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் பேசுங்கள் என்பேன். முறையிட்டதும் கவுன்சில் தன் ஆதாரக் கோவையை உங்களுக்கும் அனுப்ப வேண்டும். அந்தக் கோவையைப் பக்கம் பக்கமாக வாசியுங்கள். வேறு தெருவின் பலகைப் படம் இருந்ததை ஒருமுறை நானே கண்டேன். கோவை தயாரிக்க வேண்டி வந்ததும் "நாங்கள் வாதாடவில்லை" என்று விட்டுவிடும் கவுன்சில்களும் உண்டு.

ஒரே இடத்தில் ஐந்து கடிதம் வந்திருக்கிறது!

புது வேலைக்குப் போகத் தொடங்கியவர்களுக்கு இது நடக்கும். முதல் கடிதம் வருவதற்குள் ஐந்து நாளும் அதே லேனால் போயிருப்பார்கள். சட்டப்படி ஒவ்வொன்றும் தனி. ஆனாலும் முதல் கடிதம் கிடைத்த திகதியைக் காட்டி, "தவறு தெரிந்த நாளிலிருந்து மீண்டும் போகவில்லை, முதலாவதைக் கட்டுகிறேன், மற்றவற்றை விடுங்கள்" என்று கேளுங்கள். அதைக் கேட்டு, மற்றவற்றை விட்டுவிட்ட கவுன்சில்களும் உண்டு. ஐந்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்றுக்கு எழுதினால் மற்ற நான்கின் நாட்கள் நிற்காமல் ஓடும்.

மான்செஸ்டர், லெஸ்டர், பர்மிங்காம் பக்கம் என்றால்?

இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே தொகை 70 பவுண், சலுகையில் 35. முறையீடு ட்ராஃபிக் பெனால்டி ட்ரிபியூனலுக்கு, அதுவும் இலவசம். அங்கே ஒரு நல்ல விதி இருக்கிறது: நீங்கள் எழுதி 56 நாளுக்குள் கவுன்சில் பதில் தராவிட்டால் உங்கள் வாதத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகும்.

வீடு மாறிவிட்டேன். கடிதமே வரவில்லை. இப்போது பெய்லிஃப் வந்து நிற்கிறார்.

லொக் புக்கில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) பழைய முகவரி இருந்தால் எல்லாக் கடிதமும் அங்கேதான் போயிருக்கும். பிசிஎன், அப்புறம் 240 ஆக்கிய கடிதம், அப்புறம் நார்தாம்டனிலுள்ள ட்ராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் பதிவு, கடைசியாகக் காசு அறவிட வரும் பெய்லிஃப். பெய்லிஃபின் கட்டணங்களும் மேலே ஏறும்.

கதவைத் திறந்து உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வெளியே நிற்கும் காருக்குப் பூட்டுப் போடலாம். அன்றைக்கே நார்தாம்டன் சென்டருக்கு ஃபோன் செய்து, பிசிஎன் கிடைக்கவில்லை என்ற சத்தியக் கூற்றையும், காலம் கடந்து தருவதற்கான விண்ணப்பத்தையும் கேளுங்கள். சத்தியக் கூற்றை கவுன்டி நீதிமன்ற அலுவலர் முன் இலவசமாகச் செய்யலாம். சட்டத்தரணியிடம் போனால் சிறு கட்டணம். ஏற்றுக்கொண்டால் தண்டம் மறைந்துவிடாது, விஷயம் தொடக்கத்துக்குத் திரும்பும். அங்கிருந்து கட்டலாம் அல்லது எதிர்க்கலாம். பொய்யாகச் சத்தியம் செய்வது குற்றம், அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

வீடு மாறியவர்கள் இதை வாசித்து முடித்ததும் டிவிஎல்ஏ இணையத்தில் முகவரியை மாற்றுங்கள். இலவசம். மாற்றாமல் விட்டால் 1,000 பவுண் வரை அபராதம் உண்டு.

ஃபோனில் மெசேஜ் வந்திருக்கிறது, லிங்கை அழுத்திக் கட்டச் சொல்கிறது.

அழுத்தாதீர்கள். பஸ் லேன் பிசிஎன் தபாலில்தான் வரும். சந்தேகமென்றால் கவுன்சிலின் இணையத்தளத்தை நீங்களே தேடிப் போய் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. இதெல்லாம் எழுத முடியுமா?

முடியும். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், ஏன் உள்ளே போனேன், எப்போது வெளியே வந்தேன், இணைப்பில் என்ன இருக்கிறது. இந்த ஐந்தையும் ஐந்து சின்ன வசனமாக எழுதுங்கள். சட்டச் சொல் ஒன்றும் தேவையில்லை. பிள்ளைகள் எழுதித் தந்தால், அனுப்பும் முன் அதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் போகும் கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒரு வசனமும் இருக்கக் கூடாது.

தீர்ப்பாயத்தில் உங்களுக்காக இன்னொருவர் பேசலாம். போன வருடம் ஒரு ஐயாவுக்காக நான் பேசினேன். நடுவர் என்னை நிறுத்தி, அவரிடமே ஒரு கேள்வி கேட்டார்: பலகையை எங்கிருந்து கண்டீர்கள்? ஐயா தயங்கித் தயங்கி, இரண்டே இரண்டு ஆங்கிலச் சொல்லில் "ட்ரீ, சேர்" என்று சொல்லி, தான் எடுத்த படத்தைத் தூக்கிக் காட்டினார். படத்தில் இலைகளுக்கு நடுவே நீல விளிம்பு ஒரு விரலளவு தெரிந்தது. நடுவர் குனிந்து எழுதத் தொடங்கினார். ஐயாவின் முறையீட்டை ஏற்றுக்கொண்ட கடிதம் அந்த வாரமே வந்தது.